கருநாக்குக்கு முந்நூறு நாள்

பல் செட்டு செய்யும் லேபில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிப்பது கடிகாரம் அல்ல, பிளாஸ்டர். அச்சில் ஊற்றிய மஞ்சள் பிளாஸ்டர் இறுக நாற்பத்தைந்து நிமிடம் பிடிக்கும். அதுவரை அதைத் தொடக் கூடாது, தட்டக் கூடாது, ஆயிற்றா என்று நகத்தால் கீறிப் பார்க்கக் கூடாது. ஆகவே அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் பல்லக்கா டிபன் டப்பாவைத் திறப்பார், அவசரமாகச் சாப்பிடுவார், மிச்ச நேரத்தில் நாலைந்து பேரை வெட்டிச் சாய்ப்பார்.

செல்போனில்தான். பயப்பட வேண்டாம்.

பல்லக்கா என்பது லேபில் வைத்த பெயர். பல்லக்கு மாதிரி ஒலிக்கிறதே என்று யாராவது சிரித்தால், "அதான் தினமும் பஸ்ல தொங்கிக்கிட்டு வர்றேன்" என்பார். வயது நாற்பத்தைந்து. அதில் இருபத்துநாலு வருஷத்தை அடுத்தவர் வாய்க்கே கொடுத்துவிட்டார். கிளினிக்குகளிலிருந்து டப்பாக்களில் வாய் அச்சுகள் வரும். ஆட்கள் வர மாட்டார்கள். மேல்வாய், கீழ்வாய், இரண்டும் எப்படிக் கடிக்கின்றன என்பதற்கு ஒரு மெழுகுத் துண்டு, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே பல்லக்கா சொல்லிவிடுவார்: இவர் தையற்காரர், பல்லால் நூலைக் கடித்துக் கடித்து முன்பல்லில் பள்ளம், இந்த அம்மாள் யாரையோ பிடிக்காமல் பத்துப் பதினைந்து வருஷமாகப் பல்லைக் கடித்திருக்கிறார், அநேகமாக வீட்டுக்காரரை.

வாயை இத்தனை துல்லியமாகப் படிப்பவருக்கு முழு ஆளைப் படிக்கவும் வர வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். முப்பது வருஷம் அந்தப் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்ததில், வீட்டில் சோபாவில் உட்கார்ந்தாலும் அவருடைய இடது கால் லேசாக அழுத்திக்கொண்டேயிருக்கும். நல்ல மனிதர். எதற்கும் வேகமாகப் போக மாட்டார், யாரையும் போகவும் விட மாட்டார்.

இனி தம்பி. ஒன்பது வயது இளையவன், வேறு ஊரில் மெத்தைக் கடையில் விற்பனையாளன். வாடிக்கையாளர் முன்னால் மெத்தைமேல் படுத்துக் காட்டுவது அவன் உத்தியோகம். அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அம்மா இருந்தவரை மாதம் ஒரு தடவை போன் வரும். "அம்மா எப்படி இருக்காங்க?" என்பான், இவர் சொல்வார், வைத்துவிடுவான். அம்மா போன பிறகுதான் இருவருக்கும் ஒரு விஷயம் புரிந்தது: கேட்பதற்கு இருந்த ஒரே கேள்வியையும் அம்மா கையோடு கொண்டுபோய்விட்டார். அதற்குப் பிறகு போன் வந்தால் "உன் பழைய மிக்ஸி சும்மாதானே இருக்கு?" என்கிற ரகம். அதுவும் குறைந்து, ஒரு வருஷம் எதுவுமே இல்லை.

ஒரு நாள் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு கேம் இருக்கு. ஒன்பது கோட்டை. நீயும் நானும் ஒரே டீம்ல சேரலாம்."

"எனக்கெதுக்குடா கோட்டை? குடியிருக்கிற வீட்டையே பெருக்கி முடியல."

"தினமும் ஒரு முக்கா மணி நேரம்தான். பேசிக்கிட்டே விளையாடலாம்க்கா."

பேசிக்கிட்டே. அந்த ஒரு வார்த்தைக்காக பல்லக்கா போருக்குப் போனார். அவருக்கு வேண்டியிருந்தது கோட்டை அல்ல, தம்பியின் குரல். தினமும் முக்கால் மணி நேரம், காதில் மாட்டிய இயர்போன் கம்பியில். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பொழுதுபோகவில்லை என்று மட்டும் சொன்னார். பல் லேபில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பொழுதுபோகவில்லை என்றால் கேட்பவர்கள் நம்பவா செய்வார்கள்? ஆனாலும் யாரும் துருவவில்லை.

லேபிலிருந்து இன்னொருவரும் அந்தப் படையில் சேர்ந்தார். பாலிஷ் மோட்டாரில் உட்கார்ந்து செய்து முடித்த பற்களைப் பளபளப்பாக்குகிறவர். பல்லக்காவைவிட ஐந்து வயது மூத்தவர். அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரைப் பாலிஷண்ணே என்பார். இரண்டு பேருமே மற்றவரைவிட இளையவராக இருந்துகொள்ளும் ஏற்பாடு இது, இருவருக்கும் லாபம்.

எட்டுக் கோட்டைகளை மூவரும் சுலபமாகப் பிடித்தார்கள். ஒன்பதாவது வேறு ஜாதி. மாதத்தில் ஒரே ஒரு நாள், பகல் ஒன்றரை மணிக்குத்தான் திறக்கும். விளையாட்டைச் செய்தவர்கள் ஊரில் அப்போது சாயங்காலமாம். உள்ளே ஒரு வாயிற்காவலன் இருந்தான். அவனை எந்த ஆயுதமும் கீறாது, ஒன்றைத் தவிர. அதன் பெயர் கருநாக்கு.

"அது கடைல கிடைக்காதுக்கா," என்றான் தம்பி. "முந்நூறு நாள் தொடர்ச்சியா தினமும் ஒரு வேலை குடுப்பான். ஒரு நாள் விட்டா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதோட, சண்டைலேருந்து ஒரு தடவகூட ஓடியிருக்கக் கூடாது."

"அப்ப நீயே எடேன். நீதானே பெரிய ஆட்டக்காரன்."

"என்னால முடியாதுக்கா. நான் நாப்பத்தாறு தடவ ஓடியிருக்கேன்."

"நாப்பத்தாறா!"

"வாடிக்கையாளர் வந்துட்டா என்ன பண்றது? போனைத் தலகாணிக்கு அடில போட்டுட்டு எந்திரிக்கணும்ல? நீ ஒருத்திதான்க்கா நம்ம டீம்ல ஓடாதவ. நீ எடுத்தே ஆகணும்."

பல்லக்காவுக்குப் பெருமையாக இருந்தது. ஓடாதவ. பள்ளிக்கூடத்தில்கூட யாரும் அவருக்கு இப்படி ஒரு சான்றிதழ் கொடுத்ததில்லை.

கருநாக்கைப் பற்றி விளையாட்டில் எழுதியிருந்த புகழ்ச்சி மூன்று வரி. அதற்குக் கீழே நிபந்தனைகள் பதினொரு பத்தி. கல்யாணத்துக்கு முன்னால் இப்படி யாராவது எழுதிக் கொடுத்தால் உலகத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் தனியாகத்தான் இருப்பார்கள். வாளை எடுத்தால் கவசம் போட முடியாது. வேறு ஆயுதத்தைத் தொட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு வெட்டுக்கும் வெட்டுகிறவர் உயிரில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். பத்து வெட்டு வெட்டினால் எதிரி இருக்கிறானோ இல்லையோ, நாம் இருக்க மாட்டோம்.

"அதுக்குத்தான் நான் இருக்கேன்லக்கா," என்றான் தம்பி. படையில் அவனுக்கு வைத்தியர் வேலை. பின்னால் நின்று ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தினால் முன்னால் நிற்பவருக்கு உயிர் ஊறும். "நீ வெட்டு, நான் ஊத்தறேன். கஷ்டமான வேலைதான், விரல் மரத்துப் போகும், கண்ணு எரியும். உனக்காகப் பண்றேன்."

பல்லக்கா ஆரம்பித்தார். முதல் நாள் வேலை: கோட்டைச் சுவரில் பாசி சுரண்டுவது. பதினேழாம் நாள்: உப்பு மேட்டில் ஆயிரம் நத்தைகளைப் பிடித்து, எண்ணி, மறுபடி அதே இடத்தில் விடுவது. வீரம் என்பது இவ்வளவு வீட்டு வேலையாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் வீட்டு வேலை அவருக்குப் பழகியதுதான். கையெல்லாம் பிளாஸ்டராக இருந்தால் செல்போனை பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு சுரண்டினார். நூற்றுப் பன்னிரண்டாம் நாள் அவருக்கே கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். கன்னம் பலூனாக வீங்கியிருக்க, கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து இருபது ஆந்தைகளுக்குத் தீனி வைத்தார். இருநூற்று மூன்றாம் நாள் சாயங்காலம் தெருவில் நெட் செத்துவிட்டது. வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வண்டியை எடுத்து, இரண்டாவது கியரைத் தாண்டாமல், கோடு கோடாக சிக்னல் தேடி ஊரைச் சுற்றினார்.

"கொஞ்சம் சீக்கிரம் போங்களேன்!"

"வேகமா போனா சிக்னல் ஏறாதும்மா. இரு, பாலத்துமேல ரெண்டு கோடு வரும்."

வந்தது. அவசர விளக்கைப் போட்டுவிட்டுப் பாலத்தின் ஓரத்தில் நிறுத்தினார். மனைவி பக்கத்து இருக்கையில் கிணற்றிலிருந்து நாற்பது வாளி தண்ணீர் இறைக்கும்வரை இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே காத்திருந்தார்.

தினமும் தம்பி கூப்பிட்டான். "அக்கா, இன்னைக்கு முடிச்சிட்டியா?" அப்படி ஆரம்பிக்கும் பேச்சு, மெத்தைக் கடையில் ஒரு ஆள் நிஜமாகவே தூங்கிப்போன கதைக்குத் தாவும், அவன் சின்ன வயதில் சோப்பைத் தின்ற கதைக்குப் போகும். முந்நூறு நாளில் முந்நூறு போன். அதற்கு முந்தைய ஒன்பது வருஷத்தைக் கூட்டினாலும் இவ்வளவு தேறாது.

லேபில் இரண்டு வகைப் பிளாஸ்டர் உண்டு. பத்து நிமிடத்தில் இறுகும் வெள்ளை, நாற்பத்தைந்து நிமிடம் எடுக்கும் மஞ்சள். வெள்ளை, கழற்றும்போதே மூலை உதிரும். மஞ்சளைக் கீழே போட்டால் தரைக்குத்தான் ஆபத்து. இருபத்துநாலு வருஷம் இதையே பார்த்த கைக்கு ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது: நேரம் எடுக்கிற சரக்கு ஏமாற்றாது. முந்நூறு நாள் எடுக்கிற வாள் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று பல்லக்கா எடை போட்டது இந்தத் தராசில்தான். முந்நூறு நாள் விடாமல் வந்த போனையும் அதே தராசில்தான் வைத்தார்.

பாலிஷண்ணனுக்கு அந்த வாள் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவரிடம் ஒரு மரத்தடி இருந்தது. விளையாட்டுக்குள் நுழைந்த முதல் நாள் எல்லோருக்கும் இனாமாகக் கொடுக்கும் தடி. மற்றவர்கள் இரண்டாம் நாளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவர் அதையே வைத்துக்கொண்டு எட்டுக் கோட்டை ஏறியவர்.

"இந்தத் தடி எங்கிட்ட என்னக்கா கேக்குது? ஒண்ணும் கேக்கல. அடிக்கச் சொன்னா அடிக்குது. உங்க வாள் எதிரியை ஒரு வெட்டு வெட்டும், உங்கள ஒரு வெட்டு வெட்டும். அதுக்கு நியாயம்னு பேரா?"

"அண்ணே, உங்க தடியால அந்தக் காவலன் மேல ஒரு கீறல் போட முடியுமா?"

"முடியாது."

"அப்புறம் என்ன பேச்சு?"

"கீறல் போடாம போனாலும் நான் வீடு வந்து சேருவேன்ல? பின்னாடி ஒரு ஆள் நின்னு உயிர் ஊத்தினாத்தான் வேலை செய்யும்னா, அது ஆயுதம் இல்லக்கா. அது குடித்தனம்."

இந்த வாதம் பல மத்தியானங்களுக்கு ஓடியது. பல்லக்காவின் கட்சி: கஷ்டப்பட்டு வந்ததென்றால் குறையோடு சேர்த்துத்தான் வரும், குறையைக் கழித்துவிட்டுக் கொடு என்றால் அது இனாம். பாலிஷண்ணன் கட்சி: கஷ்டப்பட்டோம் என்பதற்காகவே அந்தக் குறை நமக்கு அழகாகத் தெரிகிறது, இனாமாக வந்திருந்தால் முதல் நாளே குப்பையில் போட்டிருப்போம். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதனால்தான் வாதம் முடியவில்லை. வீட்டில் கேட்டபோது வீட்டுக்காரர் மட்டும் தொழில் பாஷையில் ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"ஓட்டுறவனுக்கு ஒரு பிரேக், பக்கத்துல இருக்கிறவனுக்கு ஒரு பிரேக், அதுதான் வண்டி. உன் கத்தியில பிரேக் மச்சான் காலடியில மட்டும் இருக்கு."

"அவன் என் தம்பிங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார். அதில் என்ன சொன்னார் என்பது அன்றைக்கு விளங்கவில்லை.

முந்நூறாவது நாள் வாள் கைக்கு வந்தது. கரேலென்று, நுனி நாக்குபோலப் பிளந்து, கூர் ஓரத்தில் மெல்ல நடுங்கிக்கொண்டு. லேபில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முதலாளிகூட மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இதுக்கா ஒரு வருஷமா பாசி சுரண்டினீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். பாலிஷண்ணன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"அக்கா, பதினொண்ணாவது பத்தி படிச்சீங்களா? ஒன்பதாம் கோட்டைக்குள்ள வாள்காரர் விழுந்தா, அவருக்குக் கடைசியா உயிர் குடுத்தவருக்கு வாள் போயிடுமாம்."

"படிச்சேன். நல்லதுதானே? நான் விழுந்தாலும் வெளியாள் கைக்குப் போகாது. என் தம்பிக்குத்தான் போகும்."

பாலிஷண்ணன் மோட்டாரைப் போட்டார்.

கோட்டை திறந்த நாள் பல்லக்கா டிபன் டப்பாவைத் தொடவே இல்லை. ஒன்றரைக்கு உள்ளே போனார்கள். ஐந்து நிமிடத்தில் முற்றம் காலி. கருநாக்கு சொன்னபடி செய்தது, பட்டதெல்லாம் விழுந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் உயிர்க்கோடு ஒரு விரற்கடை குறையும், உடனே பின்னாலிருந்து பச்சை பொங்கி நிரப்பும். "சூப்பர்க்கா, போ போ, நான் இருக்கேன்!" காதில் தம்பியின் குரல். வாழ்க்கையில் யாரும் தன் முதுகுக்குப் பின்னால் இப்படி நின்றதில்லை என்று பல்லக்கா நினைத்தார். பஸ்ஸில் நின்றவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது.

வாயிற்காவலன் வந்தான். முதல் வெட்டு, இரண்டாம் வெட்டு. மூன்றில் அவன் கவசம் பிளந்தது. நான்கு, ஐந்து. காவலன் வந்ததிலிருந்தே பச்சை வரவில்லை. "டேய், பச்சை!" ஆறு, ஏழு. "டேய் தம்பி, கேக்குதா?" காதில் சத்தமே இல்லை. நிறுத்தியிருக்கலாம். பின்வாங்கியிருக்கலாம். ஆனால் ஓடாதவர் ஆயிற்றே. எட்டு, ஒன்பது. அவன் நிச்சயம் ஊற்றுவான் என்றே பத்தாவதை ஓங்கினார்.

திரை சாம்பல் நிறமாயிற்று. கையிலிருந்த வாள் எழும்பி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிப் பின்னால் போயிற்று. தம்பியின் பொம்மை அதைப் பிடித்தது, திரும்பியது, கோட்டை வாசலை நோக்கி ஓடியது. நாற்பத்தேழாவது தடவை. உள்ளே மரத்தடியோடு தனியாக நின்ற பாலிஷண்ணனைக் காவலன் மிதித்தே கொன்றான்.

"நெட்டு போயிருச்சுக்கா!" என்று பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டான். "ஒண்ணுமே தெரியல. திரும்ப வந்தா வாள் என் கையில இருக்கு. பதறி வெளிய வந்துட்டேன். ஐயோ, உன் முந்நூறு நாள் போச்சேக்கா!"

"போனா போகுதுடா. உங்கிட்டதானே இருக்கு." ஆறுதல் சொன்னது பல்லக்காதான்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது, மெத்தைக்குக்கூட கூட்டம் வரும் காலம் ஒன்று இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டார். நான்காம் நாள் காலை வீட்டுக்காரர் குடும்ப வாட்ஸப் குழுவைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"மச்சான் போட்டோ போட்டிருக்கான். கறுப்பா ஒரு கத்தியோட."

"என்ன எழுதியிருக்கான்?"

இடது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. பிறகு படித்தார்: "முந்நூறு நாள் உழைப்பு."

அதற்குக் கீழே சித்தப்பா கைதட்டல் படம் பன்னிரண்டு போட்டு, ‘சபாஷ், சின்ன வயசுலேருந்தே நீ விடாப்பிடி’ என்று எழுதியிருந்தார். பல்லக்கா வாங்கிப் பார்த்தார். சித்தப்பாவைத் திருத்தவா? என்ன சொல்லித் திருத்துவது? சித்தப்பா, அந்தப் பாசியைச் சுரண்டியது நான் என்றா? அவரும் ஒரு கைதட்டல் போட்டார். ஒன்றே ஒன்று.

அந்த வாரக் கடைசியில் பாலிஷண்ணன் தன் போனைக் கொண்டுவந்து வேலை மேஜைமேல் வைத்தார். நடந்த சண்டையை மேலிருந்து பார்ப்பதுபோல மறுபடி ஓட்டிக் காட்டும் வசதி அந்த விளையாட்டில் உண்டு.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு எனக்கு ஒரு சந்தேகம். நான் முழு உயிரோட சும்மா நிக்கிறேன், எம்மேல பச்சை பச்சையா விழுந்துச்சு. என்னடா இதுன்னு இப்பத்தான் போட்டுப் பார்த்தேன்."

பார்த்தார்கள். கட்டைவிரல் உயரத்தில் மூன்று பொம்மைகள். காவலன் முன்னால் பல்லக்கா வெட்டுகிறார். ஒன்று, இரண்டு. தம்பியின் பொம்மை இரண்டு அடி பின்வாங்குகிறது. நிதானமாகத் திரும்புகிறது. நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல, ஒரு கீறலும் படாத பாலிஷண்ணன்மேல் பச்சையை ஊற்றுகிறது. ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாம் தடவை. இந்தப் பக்கம் ஏழு, எட்டு, ஒன்பது.

"கை தவறியிருக்கும்," என்றார் பல்லக்கா.

"மூணு தடவையாக்கா?"

"நெட்டு விட்டு விட்டு வந்திருக்கும்."

நெட் போன பொம்மை நடக்காது, உறைந்து நிற்கும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். பல்லக்கா அதை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். வாளுக்காக அவருக்கு அழுகை வரவில்லை. அந்த இரண்டு அடி பின்வாங்கல் இருக்கிறதே, அதில் அவசரமே இல்லை. முந்நூறு நாளுக்கு முன்பே எடுத்து வைத்த அடி மாதிரி இருந்தது. "நீ ஒருத்திதான்க்கா ஓடாதவ." அதைச் சொன்ன நாளிலிருந்து ஒவ்வொரு போனாகத் திருப்பிப் பார்த்தார். ‘முடிச்சிட்டியா’ என்பதில் எதை விசாரித்தான்? அக்காவையா, வேலையையா? சோப்புத் தின்ற கதையில் சிரித்தது நிஜமா? எந்தப் போனை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது? ஒன்றைத் தள்ளினால் முந்நூறும் அல்லவா சேர்ந்து வருகிறது.

அன்று மாலை அவர் செய்து முடித்த பல் செட்டு, கடி சேரவில்லை என்று கிளினிக்கிலிருந்து திரும்பி வந்தது. பதினொரு வருஷத்தில் முதல் தடவை.

அடுத்த மாதம் கோட்டை திறப்பதற்கு முந்தின நாள் போன் வந்தது.

"அக்கா! எப்படி இருக்க?"

"இருக்கேன்டா."

"நாளைக்கு ஒன்றரைக்கு ஃப்ரீதானே? இந்த வாள் மனுஷனைத் தின்னுதுக்கா. பத்து வெட்டுல ஆள் காலி. கடைப் பசங்க ரெண்டு பேரை வைத்தியரா போட்டுப் பார்த்தேன், ஒருத்தனையும் நம்ப முடியல. நீ பின்னாடி நின்னு பச்சை குடேன். நீ இருந்தா எனக்குத் தைரியம்."

பல்லக்கா கணக்குப் போட்டார். சரி என்றால் முட்டாள். மாட்டேன் என்றால் இந்தக் குரல் மறுபடி எப்போது? அம்மா விட்டுப்போன இடத்தில் இப்போது இருப்பது இந்த வாள் ஒன்றுதான்.

"வரேன்," என்றார்.

விஷயத்தைக் கேட்டதும் பாலிஷண்ணன் பாலிஷ் சக்கரத்தை நிறுத்தினார். "என் தடி வராது. ஆனா நான் பார்க்க வருவேன்." மறுநாள் ஒன்றரைக்கு ஸ்டூலை இழுத்துப்போட்டு பல்லக்காவின் பின்னால் உட்கார்ந்தார்.

பல்லக்கா அன்று டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். இடது கைக் கட்டைவிரல் பச்சைப் பொத்தான்மேல். தம்பி வெட்டினான், அவர் அழுத்தினார். வெட்டினான், அழுத்தினார். முதல் பத்து வெட்டுக்குக் கவனமாகப் பார்த்தார். அப்புறம் பார்க்கவே தேவைப்படவில்லை. வெட்டுச் சத்தம் கேட்டால் விரல் தானாகப் போயிற்று. வலது கையால் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். பச்சை ஒன்றுகூடத் தவறவில்லை.

முற்றம் விழுந்தது. வாயிற்காவலன் வந்தான். அவன் அடித்த அடியில் தம்பியின் உயிர்க்கோடு பாதியில் நிற்க, பாலிஷண்ணன் காதருகே குனிந்தார்.

"விடுங்கக்கா. ஒரே நிமிஷம் விரலை எடுங்க. கடைசியா உயிர் குடுத்தது நீங்கதான். வாள் தானா உங்க கைக்கு வந்துரும்."

பல்லக்காவுக்குத் தெரியும். நேற்றே தெரியும். ஆனால் விரலை எடுக்கவில்லை. நல்ல மனசு என்று யாரும் அவசரப்பட்டுப் பாராட்ட வேண்டாம். அவர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் மரத்துப் போகும், கண் எரியும் என்றானே, அது எப்போது வரும் என்று காத்திருந்தார். அந்தக் கஷ்டம் வந்துவிட்டால் போதும், ஒரு துளியாவது அவனை மன்னித்துவிடலாம். நாற்பது வெட்டு. அறுபது வெட்டு. விரல் மரக்கவில்லை. கண் எரியவில்லை. டப்பாவில் சோறு தீர்ந்து, வழித்துச் சாப்பிட்டு, மூடியும் போட்டாகிவிட்டது. இவ்வளவு சுலபமான ஒரு வேலையைத்தான் அன்று அவன் செய்யாமல் விட்டிருக்கிறான்.

காவலன் சாய்ந்தான். கதவு பிளந்தது. ஒன்பதாம் கோட்டைக்குள் வெளிச்சம் கொட்டியது, மெத்தைக் கடையில் தம்பி குதித்த குதியில் ஸ்பிரிங் கிறீச்சிட்டது காதில் கேட்டது.

"அக்கா! உடைச்சாச்சுக்கா! ஐயோ, சத்தியமா சொல்றேன், கடைசி வரைக்கும் பயந்துக்கிட்டே இருந்தேன். நீ விரலை எடுத்துருவியோ, வாள் உங்கிட்ட போயிருமோன்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு!"

பல்லக்கா பச்சைப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

"அன்னைக்கு எனக்கு அந்தப் பயம் வரவே இல்லடா," என்றார்.

மறுமுனையில் ஸ்பிரிங் சத்தம் நின்றுபோயிற்று.

"என்னக்கா சொன்ன?"

அவர் திருப்பிச் சொல்லவில்லை. காதிலிருந்த கம்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அது கொசு மாதிரி அக்கா, அக்கா என்று இரண்டு தடவை ஒலித்தது. பாலிஷண்ணன் பொறுக்க முடியாமல், "கூப்பிடறான்க்கா," என்றார்.

"கூப்பிடட்டும் அண்ணே," என்றார் பல்லக்கா. "அவனுக்கு ஏதோ வேணும் போல."